அப்பா அழித்ததாகச் சொன்ன வீடியோ

எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் என் மூலமாகத்தான் கதைத்துக்கொள்வார்கள். மூன்று பேரும் ஒரே குசினிக்குள் நின்றாலும் அப்படித்தான். "கொப்பரைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வார். அப்பா பக்கத்திலேயே நிற்பார். நான் திரும்பி, "அப்பா, சாப்பிட வாங்கோ" என்பேன். "பசிக்கேல்லையெண்டு கொம்மாட்டைச் சொல்லு" என்பார் அவர். அதையும் நான் சொல்வேன். ஒரு காலத்தில் அம்மா அவரை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டால் வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கும். அந்தக் குரலை நான் கேட்டுப் பல வருடமாகிவிட்டது. மானிப்பாயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நாள் முழுக்கக் கத்திவிட்டு, பஸ்ஸில் இடிபட்டு உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தால் வீட்டில் எனக்கு இந்த உத்தியோகம். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

இதற்கெல்லாம் காரணம் ஒரு வீடியோ.

எனக்கு ஒரே ஒரு தம்பி. சண்டை முடிவதற்கு முந்திய வருடங்களில் ஒன்றில், ஒரு காலை, சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு ரியூசனுக்குப் போனான். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. எங்கெல்லாம் போய்க் கேட்டோம், யார் யார் எங்களை வாசலிலேயே நிறுத்தி அனுப்பினார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தொடங்கினால் எனக்குக் கோபம்தான் வரும், வேறொன்றும் வராது.

அவன் போவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் நீர்வேலியில் பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. அந்தக் கலியாண வீடியோவில் தம்பி பந்தியில் பரிமாறிக்கொண்டு திரிவான். கூடவே அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். தம்பி காணாமல் போன பிறகு, அந்த இரண்டு பேரையும் தேடித் துப்பாக்கிக்காரர் வீடு வீடாக ஏறினார்கள். அப்பா பயந்துவிட்டார். வீட்டில் இருந்த அல்பங்களைக் கிணற்றடிக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தார். கலியாண சீடியை உடைத்து மலக்குழிக்குள் போட்டார். பெரியம்மா வீட்டாரும் பயந்து தங்களிடம் இருந்த கொப்பியை எரித்துவிட்டார்கள். கணினியில் ஏற்றி வைத்திருந்த வீடியோ மட்டும் மிச்சம். அடுத்த நாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "கொம்பியூட்டரிலை கிடந்ததையும் அழிச்சுப்போட்டன். இனி இந்த வீட்டிலை ஒண்டுமில்லை" என்றார்.

அவர்கள் வந்தார்கள். கணினியைப் போட்டுப் பார்த்தார்கள். அம்மாவை நிற்கவைத்து, மகனின் வேறு படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். அம்மா அவர்களின் கண்ணைப் பார்த்து இல்லை என்றார். உண்மையாகவே இல்லை என்று நம்பியவரின் பதில் அது. நம்பிப் போய்விட்டார்கள். அவர்களின் வாகனம் ஒழுங்கையால் திரும்பும்வரை அம்மா அப்படியே நின்றார். பிறகு குசினிக்குள் போனார். அன்றிலிருந்து அப்பாவோடு கதைக்கவில்லை.

மிஞ்சியது அடையாள அட்டைக்காக எடுத்த ஒரு சின்னப் படம். அதைப் பெரிதாக்கினோம், கண்ணும் மூக்கும் புகைபோல ஆகிவிட்டன. அம்மா அதைச் சாமியறையில் வைக்க விடவில்லை. மாலை, பொட்டு ஒன்றும் வைக்க விடவில்லை. வைத்தால் அவன் செத்தவனாகிவிடுவான் அல்லவா? முன்னறையில் மணிக்கூட்டுக்குக் கீழே மாட்டியிருக்கிறது. ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னார்: "முகம் கிடக்கு பிள்ளை. நடையைத்தான் மறந்துபோனன். ஒரு தோளை இறக்கி நடப்பான், எந்தத் தோளெண்டு ஞாபகமில்லை." எனக்கும் ஞாபகம் வரவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் ஒழுங்காக எடுக்கவில்லை. அழித்ததைத் திருப்பி எடுக்க முடியுமா என்று யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கடையில் கேட்டும் பார்த்தேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாய்ப்பில்லை என்று, தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டார்கள்.

கணினி மட்டும் வீட்டில் இருந்தது, அதே கணினி. அதை ஒரு பழைய துவாயால் மூடி வைத்திருப்போம். அப்பா சங்கக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பின்னேரங்களில் துவாயை எடுத்துவிட்டு அதன் முன்னால் இருப்பார். எதையோ திறப்பார், மூடுவார், வேறொன்றைத் திறப்பார். நாங்கள் யாராவது அறைக்குள் போனால் சீட்டு விளையாட்டு திரைக்கு வந்துவிடும். "பிள்ளையைத் துலைச்சுப்போட்டு இருந்து சீட்டு விளையாடுறார்" என்று அம்மா என்னிடம் சொல்வார், அவருக்குக் கேட்கும்படி. அந்தச் செய்தியை மட்டும் நான் கொண்டுபோய்ச் சேர்க்கத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சீட்டைக் கண்டால் எரிச்சல்தான். ஒரு மனிதனுக்கு அப்படியென்ன சீட்டு?

போன வருடம் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளை இனி இணையத்தில்தான் ஏற்றவேண்டும் என்றார்கள். எங்கள் கணினி அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டேன் என்றது. உலாவி பழசு, அதைப் புதுப்பிக்க விண்டோஸ் பழசு, அதைப் புதுப்பிக்கக் கணினியே பழசு. கைபேசியில் பெருவிரலால் குத்திக் குத்திப் புள்ளி ஏற்றி எனக்குக் கண் சிவந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிற ரீச்சர் என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு டிவிடியைக் கொண்டுவந்து கையில் தந்தார். "லினக்ஸ் ரீச்சர். பழைய மெசினுக்கெண்டே செய்தது. வைரசும் வராது. முதல்லை டிவிடியிலை இருந்தே ஓட்டிப் பாருங்கோ, மெசினிலை ஒண்டையும் தொடாது. பிடிச்சா ஏத்துங்கோ. ஆனா ஏத்தேக்கை பழசெல்லாம் அழிஞ்சுபோம். வேண்டியதைக் கொப்பி பண்ணி வைச்சிட்டு ஏத்துங்கோ."

வேண்டியது என்ன இருக்கிறது என்னிடம்? டி டிரைவில் இரண்டு கோப்புறைகள். ஒன்றில் வினாத்தாள்கள், மற்றதில் அம்மாவுக்காக ஏற்றி வைத்த தேவாரங்கள். எத்தனையோ வருடமாக அந்த இடத்தைத் திறந்தால் அந்த இரண்டும்தான் இருக்கும். இரண்டையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டு, "அதுக்குள்ளை இருந்ததை எப்பவோ அழிச்சாச்சு. இனி என்னத்தை அழிக்கக் கிடக்கு?" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்பாவின் கை புட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. "எல்லாம் அழிஞ்சுபோமோ பிள்ளை?"

"ஓம் அப்பா. பழசு போனாத்தானே புதுசு ஏறும்."

"உதை அப்பிடியே விடன். புதுசு ஒண்டு வாங்குவம்."

"ஏன், உதிலை உங்களுக்கு என்ன கிடக்கு? சீட்டோ? லினக்சிலையும் சீட்டு இருக்காம்."

அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். புட்டுப் பாதி சாப்பாட்டுக் கோப்பையில் கிடந்தது. அவருடைய சொந்த வாழ்க்கையில் எதற்குமே பிடிவாதம் பிடிக்காத மனிதன், ஒரு பழைய பெட்டிக்கு ஏன் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காதது எனக்குக் கோபமாகத்தான் வரும்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவிடியைப் போட்டேன். கணினி மா அரைக்கிற மில்லைப்போல இரைந்தது. திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. நின்றன. மறுபடி ஓடின. பெட்டி செத்துவிட்டது என்றே நினைத்தேன். எந்த மொழி வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தபோது அதில் தமிழ் இருந்தது. வீம்புக்குத் தமிழைத் தெரிவுசெய்தேன். ஆங்கிலத்தில் பாதி விளங்கியிருக்கும். தமிழ் படிப்பிக்கிற எனக்கே அந்தத் தமிழில் சிலவற்றை இரண்டுதரம் வாசிக்கவேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு நீலத் திரை வந்தது, துப்புரவாக, அமைதியாக. பழைய பெட்டிக்குள் இப்படியொன்று ஓடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திறந்தது. சந்தோசத்தில் அம்மாவைக் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்பா என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தாரோ தெரியவில்லை.

"இரியுங்கோ அப்பா. ஏன் நிக்கிறியள்?"

"பரவாயில்லை, நீ செய்."

நான் ஏற்றும் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு பக்கமாக வந்தது. ஊர் கேட்டது, விசைப்பலகை கேட்டது. பிறகு ஒரு பக்கத்தில், முழு வட்டையும் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது. அழித்து என்ற சொல் தமிழில், கொட்டை எழுத்தில் இருந்தது. கதிரை அசைந்தது. அப்பா அதைப் பின்னுக்கு இழுத்தார்.

"பொறு பிள்ளை, பொறு."

"இப்ப என்ன?"

"அழிக்கமுதல் இன்னொருக்கா எல்லா இடமும் பார்."

"பார்த்திட்டன் அப்பா. வேண்டியதெல்லாம் எடுத்து வைச்சிட்டன்."

"இன்னொருக்காப் பார் மோனை."

அவர் என்னை மோனை என்று கூப்பிடுவதில்லை. அது தம்பியைக் கூப்பிடுகிற சொல். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இந்த மனிதனுக்கு ஒரு முடிவு காட்டவேண்டும் என்றுதான், அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு டி டிரைவைத் திறந்தேன். "வடிவாப் பாருங்கோ! இஞ்சை என்ன கிடக்கு? ரெண்டே ரெண்டு..."

இரண்டு இல்லை.

வினாத்தாள்கள் இருந்தன, தேவாரம் இருந்தது. அவற்றோடு நான் ஒருநாளும் கண்டிராத வேறு சிலவும் இருந்தன. விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கிற குப்பைகள். பெயரைப் பார்த்தாலே அது தெரிந்தது. கடைசியாக ஒன்று, பிறிண்டர் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்த கோப்புறை. எங்கள் வீட்டில் ஒருநாளும் பிறிண்டர் இருந்ததில்லை. பிறகு ரீச்சர் விளங்கப்படுத்தியது: விண்டோசில் மறைத்து வை என்று சொல்லிவிட்டால் அது மறைத்து வைக்கும், அந்தக் கட்டளை லினக்சுக்குத் தெரியாது, இருப்பதையெல்லாம் அப்படியே காட்டிவிடும். அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. திறந்தேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு. என்ன வகைக் கோப்பென்று காட்ட, பெயரின் பின்னால் வரவேண்டிய வால் வெட்டப்பட்டிருந்தது. ஆனால் லினக்ஸ் அதற்கும் ஏமாறவில்லை. அது என்னவென்று உள்ளே பார்த்து, சின்னதாக ஒரு படமும் போட்டுக் காட்டியது. குலையோடு கட்டிய இரண்டு வாழை. நடுவில் ஒரு வாசல்.

நீர்வேலி வாழை. பெரியம்மா வீட்டுப் படலை.

"கண்டிட்டியோ?" என்றார் அப்பா.

என்ன அது என்று அவர் கேட்கவில்லை. கண்டிட்டியோ என்றுதான் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தாடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

உடனே போட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. முதலில் கைப்பையிலிருந்த பென் டிரைவைக் குத்தி அதில் ஏற்றினேன். கோடு இழுபட்டு இழுபட்டு நகர்ந்தது. கரண்ட் போய்விடக்கூடாது என்று எனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். அது முடிந்த பிறகுதான் அழிக்கிற பக்கத்தை மூடினேன். அந்தப் பொத்தானை அமத்துவதற்கு எவ்வளவு கிட்டப் போயிருந்தேன்!

பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். "என்ன?" என்று அரிசிச் சுளகோடு வந்தவர், திரையில் வாழையைக் கண்டதும் சுளகை நிலத்தில் வைத்தார். படலை, மேளம், பன்னீர் தெளிக்கிற பிள்ளைகள், மாமிமாரின் கொண்டைகள். நான் வீடியோவை முன்னால் இழுத்து இழுத்துப் பந்திக்குப் போனேன்.

வந்தான். கையில் பாயாச வாளி. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். இடது தோளை இறக்கி, இலைகளுக்கு நடுவால் அவசரமாக நடந்து வந்தான். பின்னால் அந்த இரண்டு பேரும் சோற்றோடு. கமரா தன் பக்கம் திரும்புவதைக் கண்டு, வாளியைத் தூக்கி முகத்தை மறைத்தான். மறைத்துக்கொண்டு சிரித்தான். "அண்ணை, என்னை விட்டிட்டு மாப்பிள்ளையை எடுங்கோவன்!" கமராக்காரர் அவன் சொல்லைக் கேட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிட்டார். அவ்வளவுதான்.

அம்மா அழவில்லை. அழுவார் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"உது எங்கை இருந்தது?" என்றார்.

"இதுக்குள்ளைதான் அம்மா."

"எப்ப தொடக்கம்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "அழிக்கேல்லை பிள்ளை. ஒளிச்சனான். கொம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அழிச்சதெண்டு அவ நம்பினாத்தான், கேக்கேக்கை இல்லையெண்டு சொல்லுவா."

"பிறகு? பிறகாவது சொல்லியிருக்கலாமெல்லோ எண்டு கேள்" என்றார் அம்மா என்னிடம். நான் வாயைத் திறக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

"எனக்கே பிறகு காணேல்லை. ஒளிச்சுத் தந்த கொம்பியூட்டர்க் கடைக்காரன் அந்த வருசமே வெளிநாடு போட்டான். எப்பிடித் திறக்கிறதெண்டு சொல்லித் தந்தவன்தான். நான்தான் மறந்துபோனன். ஆரிட்டைக் கேக்கிறது? கேட்டா இப்பிடியொண்டு இருக்கெண்டு தெரிஞ்சிடுமெல்லோ. ஒவ்வொரு நாளும் தேடினனான் பிள்ளை. இருக்கு, ஆனா காணேல்லையெண்டு கொம்மாட்டை எப்பிடிச் சொல்லுறது? ரெண்டாந்தரமும் பிள்ளையைத் துலைச்சது மாதிரியெல்லோ."

அப்படியென்றால் அந்தச் சீட்டு, அந்தப் பின்னேரங்கள் எல்லாம் இதுதான். நாங்கள் அறைக்குள் போகும்போதெல்லாம் அவர் அவசரமாகச் சீட்டைத் திறந்து வைத்தது, தேடுவது எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. பயப்படவேண்டிய காலம் ஓரளவு போய்விட்டது. ஆனால் அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. யாரிடம் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடமா? அந்தக் கடைக்காரரிடமா? தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டித் தந்திருந்தால் அந்த நாளே கிடைத்திருக்கும் ஒன்று. இத்தனை வருடம் ஒரு துவாய்க்குக் கீழே.

அம்மா மேசையில் ஓங்கி அடித்தார். விசைப்பலகை துள்ளி விழுந்தது. "என்ரை பிள்ளை இந்த வீட்டுக்குள்ளை இருந்திருக்கிறான்! நான் படத்தைத் தூக்கிக்கொண்டு றோட்டு றோட்டா நிண்டிருக்கிறன்!" இதைத் திரையைப் பார்த்துச் சொன்னார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். சட்டி பானைகள் இடிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அப்பா யன்னலோரமாகப் போய் நின்றார். எனக்கு அவரைத் தொடவேண்டும் போல இருந்தது; எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. விழுந்த விசைப்பலகையை எடுத்து வைத்தேன். திரையில் மாப்பிள்ளை அப்படியே உறைந்து நின்றார். எனக்கு அந்த மாப்பிள்ளையைக் கண்டாலும் கோபம் வந்தது.

அம்மா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னொருக்காப் போடு."

நான் பந்திக்கு இழுத்தேன். அம்மா என் தோளில் கை வைத்துத் தடுத்தார். யன்னல் பக்கம் அவர் திரும்பவில்லை.

"பொறு. கொப்பருக்கு அங்கை நிண்டாக் கண் தெரியாது. அவருக்கும் தெரியிற மாதிரித் திருப்பி வை."

பாரமான பழைய மொனிற்றர். இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினேன். அம்மா சொன்னதை நான் அப்பாவிடம் கொண்டுபோய்ச் சொல்லவில்லை. அவர் தானாகவே ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.